எந்த எல்லையில் எந்தக் கப்ளிங்? ஒரு டீ குழாயை முன்வைத்து

600 மிமீ விட்டமுள்ள குழாயில் 100 டிகிரி நீர் அழுத்தத்தோடு ஓடுகிறது. பக்கவாட்டில் ஒரு கிளைக் குழாய் 20 டிகிரி நீரைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறது. ஆங்கில T எழுத்தைப் போன்ற இந்த இணைப்புதான் டீ. சேருமிடத்துக்குச் சற்றுத் தள்ளி, கலந்த நீரின் வெப்பநிலையை அளக்க ஒரு தெர்மோவெல், அதாவது வெப்பமானியைப் பொதிந்த உலோக உறை, குழாய்க்குள் 400 மிமீ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் நொடிக்கு 5 மீட்டர். குழாய்ச் சுவர் 10 மிமீ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுவரில் விரிசல் விழுமா, தெர்மோவெல் ஒடியுமா? இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு வேலை வந்ததும் இளைய பொறியாளர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, இதை ஆன்சிஸ்ல போடலாமா, காம்சால்ல போடலாமா, இல்ல ஓப்பன்ஃபோம் கத்துக்கலாமா?" மூன்றும் இயற்பியலைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்கள். அவசியமான கேள்விதான், ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. இந்தக் குழாயில் எது எதை மாற்றுகிறது என்பது முதல் கேள்வி. அந்த மாற்றம் திரும்பி வந்து முதலாவதைத் தொடுகிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் பேனா, காகிதத்தோடு ஒரு மணி நேரத்தில் பதில் கிடைக்கும். பதில் கிடைத்தால் மென்பொருளைப் பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நம் குழாயில் மூன்று எல்லைகள் இருக்கின்றன. நீருக்கும் சுவருக்கும் இடையே வெப்பம் போய்வருகிறது. சுவரின் வெப்பநிலை சுவரில் தகைவை, அதாவது உலோகத்துக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசையை, உண்டாக்குகிறது. ஓடும் நீர் தெர்மோவெல்லை ஆட்டுகிறது. எல்லையின் இரு பக்கத்துக் கணக்குகளையும் இணைப்பதுதான் கப்ளிங். ஒவ்வோர் எல்லையிலும் நமக்கு நான்கு வழிகள் உண்டு: கைக்கணக்கு; ஒருவழி, அதாவது ஒன்றைத் தீர்த்து அதன் விடையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுவது; இருவழி, அதாவது இரண்டு சால்வர்கள் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள்) மாறிமாறிப் பேசிக்கொள்வது; கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாக ஒன்றாய்த் தீர்ப்பது.

மூன்று எல்லைகளுக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த, ஆக அதிக விலை கொடுக்க வைக்கிற தவறு. "முழு இருவழி" என்றால் நேர்மையான கணக்கு போலத் தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று வாரம் மெஷின் ஓடி முடித்தபோது கையில் இருந்தது 4 நொடி ஓட்டம். அந்தச் சுவர் ஒரு வெப்ப மாற்றத்தை முழுதாக உணரவே ஏறத்தாழ 25 நொடி தேவை: தடிமனின் வர்க்கத்தை வெப்பப் பரவல் கெழுவால் வகுத்தால் வருகிற எண் அது. 10 மிமீ எஃகுக்கு அந்தக் கெழு நொடிக்கு 4 சதுர மில்லிமீட்டர் அளவு. இந்த வகுத்தலை முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

நீரும் சுவரும்

எளிய வழியிலிருந்து தொடங்குவோம். பாடப்புத்தகச் சூத்திரத்திலிருந்து வெப்பமாற்றுக் கெழுவை எடுத்துச் சுவரின் உள்பரப்பில் கொடுத்துவிட்டு, திண்மத்தை மட்டும் ஃபைனைட் எலிமென்டில், அதாவது சிறு துண்டுகளாக (எலிமென்ட்) வெட்டிய வலையில் (மெஷ்), தீர்ப்பது. நம் குழாய்க்கு, குளிர்நீரின் பண்புகளை வைத்து டிட்டஸ்–போல்ட்டர் சூத்திரம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 7,600 வாட் அளவில் தருகிறது. இதைத் தடிமனால் பெருக்கி, எஃகின் கடத்துத்திறனான 15ஆல் வகுத்தால் பயோ எண் 5. அது 0.1க்குக் கீழே இருந்தால் சுவர் முழுக்க ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளலாம். 5 என்றால் சுவரின் உள்பக்கம் ஒரு கதை, வெளிப்பக்கம் வேறு கதை. ஆகவே சுவருக்கு மெஷ் போட்டே ஆகவேண்டும்.

ஆலையைத் தொடங்குவது, நிறுத்துவது போன்ற மெதுவான மாற்றங்களுக்கு இந்த எளிய வழியே போதும். இதைக் குறைவாக எண்ண வேண்டாம். தினசரிக் குழாய் வேலைகளில் மிகப் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும்.

டீ இணைப்பு அப்படி முடிவதில்லை. அங்கே சூடும் குளிரும் சீராகக் கலப்பதில்லை. சுவரின் ஒரே புள்ளியில் இந்தக் கணம் சுடுநீர், அடுத்த கணம் குளிர்நீர். லட்சக்கணக்கான முறை இப்படி மாறினால் உலோகத்தின் தோல் களைத்து விரிசல் விடும். பிரான்சின் சிவோ அணுமின் நிலையத்தில் 1998 மே மாதம் நடந்தது இதுதான். புதிய உலையின் எஞ்சிய வெப்பத்தை அகற்றும் குழாயில், சூடும் குளிரும் கலக்கும் டீயை அடுத்த பகுதியில், சுவரை ஊடுருவிய விரிசல் விழுந்து மணிக்கு 30 கன மீட்டர் அளவில் நீர் கசிந்தது. சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்த எந்தக் கணக்கும் இதைக் காட்டியிருக்காது.

இங்கே ஓட்டத்தைத் தீர்க்கும் முறையே முதல் தேர்வு. கொந்தளிப்பை நேரச் சராசரியாக எடுத்துக்கொள்ளும் ரான்ஸ் மாதிரிகள் வேகமானவை, ஆனால் நமக்குத் தேவையான ஏற்றயிறக்கத்தைத்தான் அவை சராசரியில் கரைத்துவிடுகின்றன. பெரிய சுழிகளை நேரடியாகத் தீர்க்கும் எல்.இ.எஸ். முறைக்கோ, சுவரருகே மட்டும் ரான்ஸ் வைத்துக்கொள்ளும் கலப்பு முறைக்கோதான் போக வேண்டும். ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கும் என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் நம் குழாயில் 30 லட்சத்துக்குக் குறையாது என்பதால், சுவர்வரை முழு எல்.இ.எஸ். கையாள முடியாத அளவுக்குக் கனக்கும். கலப்பு முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஸ்வீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம் ஆல்வ்கார்லபி ஆய்வகத்தில் எடுத்த டீ அளவீடுகளை வைத்து, வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் அணுசக்தி அமைப்பு உலகெங்கும் இருந்து கணக்குகளை வாங்கி ஒப்பிட்டது. உங்கள் முறை சரியா என்று பார்க்க அதுவே நல்ல அளவுகோல்.

திண்மப் பக்கம் ஃபைனைட் எலிமென்டில் பலர் சறுக்குவது மெஷ் அளவில். வெப்ப ஏற்றயிறக்கம் சுவருக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. நொடிக்கு ஒருமுறை மாறினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறத்தாழ 1.1 மிமீ ஆழத்துக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 10 நொடிக்கு ஒருமுறை மாறினால் 3.6 மிமீ. 100 நொடி என்றால் 11 மிமீ, அதாவது முழுச் சுவரும். நொடிக்கு ஒருமுறை மாறுவதைப் பிடிக்க அந்த 1.1 மிமீக்குள் நான்கைந்து எலிமென்டாவது வேண்டும். ஆக உள்பரப்பில் 0.25 மிமீ மெஷ். "சுவருக்கு ஐந்து எலிமென்ட் போதும்" என்று சமமாக 2 மிமீ வெட்டினால், விரிசலை உண்டாக்கும் ஏற்றயிறக்கமே அந்த மெஷுக்குக் கண்ணில் படாது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பொறி, எனக்கு யாரும் சொல்லித்தராதது. 2 மிமீ மெஷை வைத்துக்கொண்டு நேரப்படியை (கணக்கு ஒரு தடவைக்கு முன்னேறும் நேரம்) மட்டும் 0.01 நொடியாகக் குறைத்துப் பாருங்கள். 20 டிகிரி நீர் பட்ட சுவருக்குள் ஒரு நோடில் (எலிமென்ட்கள் சந்திக்கும் புள்ளியில்) எதிர்த்திசையில் வெப்பநிலை ஏறும்; உலோகத்தில் இருந்த அதிகபட்சத்தையும் தாண்டும். இயற்பியலில் அப்படி நடக்க வழியே இல்லை. நேரியல் எலிமென்டில், வழக்கமான நிறை அணியோடு (வெப்பக் கொள்ளளவைப் பக்கத்து நோடுகளோடும் பகிரும் அணி), பின்னோக்கு ஆய்லர் என்ற நேரப்படி முறையில் தீர்க்கும்போது, எலிமென்ட் அளவின் வர்க்கத்தை வெப்பப் பரவல் கெழுவின் ஆறு மடங்கால் வகுத்து வரும் நேரத்துக்குக் கீழே படியைக் குறைக்கக் கூடாது. 2 மிமீக்கு அது 0.17 நொடி. 0.25 மிமீக்கு 0.0026 நொடி. நேரப்படியைக் குறைத்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. மெஷைச் சேர்த்துக் குறைக்க வேண்டும், அல்லது நிறை அணியை மூலைவிட்டத்தில் திரட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சால்வர்களில் இதற்கு ஒரு தெரிவு இருக்கும்.

இனி கப்ளிங். சுவர் வெப்பமே கடத்தாதது என்று வைத்து ஓட்டத்தைத் தீர்த்து, சுவரை ஒட்டிய நீரின் வெப்பநிலையை எடுத்துத் திண்மத்துக்குக் கொடுப்பது ஒருவழி. இதில் ஏற்றயிறக்கம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் நிஜத்தில் எஃகு பக்கத்து நீரின் சூட்டை வாங்கியும் கொடுத்தும் அதைத் தணிக்கிறது. பாதுகாப்புப் பக்கம் சாய்ந்த முதல் மதிப்பீட்டுக்கு அது சரி. ஆனால் அப்படி வந்த ஆயுள் போதாது என்றால், அடுத்த படியாக இருவழிதான். நீரும் சுவரும் ஒவ்வொரு நேரப்படியிலும் வெப்பநிலையையும் வெப்பப் பாய்வையும் பரிமாறிக்கொள்ள வேண்டும்.

யார் எதைக் கொடுப்பது? ஆக்ஸ்ஃபோர்டின் மைக் கைல்ஸ் 1997இல் காட்டிய விதி இன்றும் கைகொடுக்கிறது: சுவர் தன் வெப்பநிலையை நீருக்குக் கொடுக்கட்டும், நீர் தன் வெப்பப் பாய்வைச் சுவருக்குக் கொடுக்கட்டும். மாற்றிப் போட்டால் கணக்கு வெடிக்கும். இந்த விதியின் அடியில் இருப்பது இரு பொருள்களின் வெப்பப் பலம். கடத்துத்திறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் காற்றுக்கு 6க்குக் கீழே வரும், நீருக்கு 1,600 அளவு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 7,700 அளவு. பலமானது வெப்பநிலையைச் சொல்கிறது, பலவீனமானது பாய்வைச் சொல்கிறது. காற்றோடு ஓரிரு சுற்றில் இரு பக்கமும் உடன்பட்டுவிடும். நீரோடு சில சுற்று கூடும்.

திரவச் சோடியத்துக்கு வரும்போது இந்த வசதி போய்விடுகிறது. 500 டிகிரியில் சோடியத்தின் எண் 8,000ஐத் தாண்டுகிறது. எஃகின் எண்ணும் சற்றே கூடுதலாக அதே வட்டாரத்தில்தான். பலமானவர் யார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாத இடம். மாறிமாறிப் பேசும் சால்வர்கள் இங்கே இழுபறியில் மாட்டும், சில மெஷ்களில் விலகியும் போகும். கல்பாக்கத்தின் வேக ஈனுலைகள் (எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை உண்டாக்கும் வகை அணு உலைகள்) சோடியத்தால் குளிர்விக்கப்படுபவை. 1985 முதல் இயங்கும் சோதனை உலையும், 500 மெகாவாட் முன்மாதிரி உலையும் அப்படித்தான். உலைமையத்தின் மேல் சூடான, குளிர்ந்த சோடியத் தாரைகள் கலந்து கட்டமைப்பைத் தாக்கும் வெப்ப வரியோட்டம் அங்கே நீண்டகால ஆய்வுப் பொருள். சோடியம் வெப்பத்தைச் சிரமமில்லாமல் கடத்துவதால் ஏற்றயிறக்கம் தணியாமல் உலோகத்தை அடைகிறது. அந்த வகை வேலைக்குச் சோடியத்தையும் சுவரையும் ஒரே அணியில் வைத்துத் தீர்ப்பதற்கே என் ஓட்டு. வெப்பச் சமன்பாடு மட்டும் என்பதால், ஒன்றாய்த் தீர்ப்பது இங்கே அவ்வளவு கனமான வேலையும் இல்லை.

சுவரின் தகைவு

இது சுருக்கமாக முடியும். 80 டிகிரி ஏறினால் 600 மிமீ குழாய் 0.8 மிமீ விரியும். ஓட்டத்துக்கு அது தெரியாது. எனவே வெப்பநிலையிலிருந்து தகைவுக்கு எப்போதும் ஒருவழி. சுவரின் தோல் மட்டும் சூடாகி, அடியில் உள்ள குளிர்ந்த உலோகம் அதை விரியவிடாமல் பிடித்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு 4.6 மெகாபாஸ்கல் தகைவு. தோலில் 40 டிகிரி ஏற்றயிறக்கம் என்றால் 184 மெகாபாஸ்கல். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எலிமென்ட் விடையைப் பாருங்கள். இதைவிடப் பெரிதாக வந்தால் வெல்டின் ஓரம் போன்ற இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாதிரியில் தவறு.

தெர்மோவெல்

1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் சுருகா நகரில், மோன்ஜு வேக ஈனுலையின் இரண்டாம் சோடியச் சுற்றில் ஒரு தெர்மோவெல் ஒடிந்தது. ஒடிந்த இடம் வழியே 640 கிலோ அளவுக்குச் சோடியம் கசிந்து காற்றில் தீப்பற்றியது. உலை மீண்டும் இயங்க 2010 மே வரை ஆயிற்று. காரணம், ஓட்டம் உண்டாக்கிய அதிர்வு. உருளையின் இருபுறமும் மாறிமாறிச் சுழிகள் கழன்று அதைப் பக்கவாட்டில் ஆட்டும் என்பது எல்லோரும் அறிந்தது, அதற்குச் சோதித்தும் இருந்தார்கள். அங்கே நடந்தது வேறு. குறைந்த வேகத்திலேயே இருபுறமும் ஒரே நேரத்தில் சுழிகள் கழன்று, தெர்மோவெல்லை ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டின. அன்று நடைமுறையில் இருந்த 1974ஆம் ஆண்டு அமெரிக்க விதி இந்தத் திசையைப் பற்றிப் பேசவில்லை. அதன் பின் ஜப்பானிய இயந்திரப் பொறியாளர் சங்கம் 1998இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது, அமெரிக்க விதியும் 2010இல் முழுதாக மாற்றி எழுதப்பட்டது.

இனி நம் தெர்மோவெல். வெளிவிட்டம் 20 மிமீ, துளை 7 மிமீ. சுழி கழலும் அதிர்வெண், வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்க, 50 ஹெர்ட்ஸ். ஓட்டத்தின் திசையில் அதன் இரு மடங்கு, 100. ஒரு முனை பிடிக்கப்பட்ட தண்டுக்கான வழக்கமான சூத்திரத்தில், உடன் ஆடும் நீரின் நிறையையும் சேர்த்து, 400 மிமீ நீளத்துக்கு இயல் அதிர்வெண் 86 ஹெர்ட்ஸ். பக்கவாட்டில் 50க்கும் 86க்கும் போதிய இடைவெளி. ஆனால் ஓட்டத் திசையில், பம்ப் வேகமெடுத்து நொடிக்கு 4.3 மீட்டரைக் கடக்கும்போது நேராக ஒத்திசைவில் போய் நிற்கிறது. இது கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை. முழு இருவழி சிமுலேஷன் ஓட்டியிருந்தாலும், 5 மீட்டர் வேகத்தில் மட்டும் ஓட்டியிருந்தால் 4.3இல் காத்திருந்த ஆபத்து வெளியே வந்திருக்காது.

நீளத்தை 280 மிமீக்குக் குறைத்தால் 175 ஹெர்ட்ஸ். 2010 விதியின்படி சுழி அதிர்வெண் இயல் அதிர்வெண்ணில் 0.4 மடங்குக்குள் இருந்தால் இரு திசையிலும் தப்பலாம், இங்கே 0.29. ஆனால் மோன்ஜுவின் பாடத்தை மறக்க முடியாது. வேகத்தை, இயல் அதிர்வெண்ணையும் விட்டத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்துப் பார்த்தால் 1.43. இருபுறமும் ஒரே நேரத்தில் சுழி கழலும் பகுதி 1.25 அளவில் தொடங்குகிறது. ஜப்பானிய வழிகாட்டி 1க்குக் கீழே இருக்கச் சொல்கிறது. 230 மிமீக்குக் குறைத்தால் 260 ஹெர்ட்ஸ், எண் 0.96. நான் 230ஐத்தான் எடுப்பேன்.

ஃபைனைட் எலிமென்டுக்கு இங்கே வேலை இருக்கிறது, ஆனால் திண்மத்தில் மட்டும். உண்மையான தெர்மோவெல் சமவிட்டத் தண்டு இல்லை. படி இருக்கும், கூம்பும், ஃபிளேஞ்சின் நெகிழ்வும் இருக்கும். மோன்ஜுவில் ஒடிந்ததும் விட்டம் மாறும் படியில்தான். நீரின் கூடுதல் நிறையைச் சேர்த்து மோடல் கணக்கு ஒன்று போட்டால் இயல் அதிர்வெண் நம்பத்தக்கதாகக் கிடைக்கும். அந்தக் கூடுதல் நிறை நம் தண்டுக்கு 14 சதவீதம், அதிர்வெண்ணைச் சுமார் 6 சதவீதம் குறைக்கும்.

இருவழி எங்கே தவிர்க்க முடியாதது?

அந்த 14 சதவீதம்தான் தீர்ப்பு எண். திண்மம் ஆடும்போது அதோடு சேர்ந்து ஆட வேண்டிய நீரின் நிறை, திண்மத்தின் நிறையோடு ஒப்பிட எவ்வளவு? சிறிதாக இருந்தால் ஒருவழியும், தளர்வான இருவழியும் தாங்கும். பெரிதாக இருந்தால் இரண்டும் தாங்கா. "எஃகுதானே, நீரைவிட எட்டு மடங்கு கனம்" என்று அடர்த்தியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 100 மிமீ அகலமும் 1 மிமீ தடிமனும் உள்ள அலுமினியத் தகடு நீருக்குள் ஆடினால், சதுர மீட்டருக்குத் தகட்டின் நிறை 2.7 கிலோ, கூட ஆடும் நீர் 78 கிலோ. இருபத்தொன்பது மடங்கு. அதன் இயல் அதிர்வெண் காற்றில் இருப்பதைவிட ஐந்தரை மடங்கு குறைந்துபோகும். ரத்தக்குழாய், இதய வால்வு, ரப்பர் டயாஃப்ரம் எல்லாம் இந்தப் பக்கம்.

இங்கே ஒரு நேரப்படிக்கு ஒருமுறை மட்டும் பரிமாறிக்கொள்ளும் தளர்வான கப்ளிங் வெடித்துவிடும். 2005இல் கௌசான், ஜெர்போ, நோபிலே மூவரும் இதைக் கணிதமாகக் காட்டினார்கள்: அமுங்காத பாய்மத்தில், நிறை விகிதமும் வடிவமும் ஒரு வரம்பைத் தாண்டினால் நேரப்படியை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. 2007இல் ஃபோர்ஸ்டர், வால், ராம் காட்டியது இன்னும் கசப்பானது. படியைக் குறைக்கக் குறைக்க இன்னும் சீக்கிரம் வெடிக்கும். கணக்கு விலகும்போது நேரப்படியில் கைவைப்பது நம் எல்லோருடைய பழக்கம். இங்கே அது எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

மீள வழி இரண்டு. ஒவ்வொரு நேரப்படிக்குள்ளும் இரு சால்வர்களையும் உடன்படும்வரை சுற்றவிடுவது ஒன்று. மாறாத தணிப்பு எண்ணை (ஒவ்வொரு சுற்றின் மாற்றத்தில் எவ்வளவை ஏற்பது என்ற பின்னம்) வைத்துச் சுற்றினால் நாள் போகும். அந்த எண்ணைச் சுற்றுக்குச் சுற்று தானே திருத்திக்கொள்ளும் ஐட்கன் தணிப்பு அதைச் சற்றுக் குறைக்கும். 2009இல் டெக்ரூட், பாத்தே, வீரன்டீல்ஸ் கொடுத்த குவாசி-நியூட்டன் முறை, முந்தைய சுற்றுகளிலிருந்து எல்லையின் நடத்தையைக் கற்றுக்கொள்வதால், பெரும்பாலும் ஐந்தாறு சுற்றில் முடிக்கிறது. இருவழி வேண்டும் என்று முடிவானால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

இரண்டாவது, நீர், திண்மம், நகரும் மெஷ் மூன்றையும் ஒரே அணியில் வைத்து நியூட்டன் முறையில் தீர்ப்பது. நிறை விகிதத்தைப் பற்றிக் கவலையே இல்லை. விலையைச் சொல்ல வேண்டுமே: அந்த அணியின் பகுதிகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறு அளவில் எண்களைக் கொண்டவை, நல்ல முன்னமைப்பு (அணியைத் தீர்ப்பதற்கு எளிதாக மாற்றிக்கொள்ளும் படி) இல்லாமல் எந்தச் சுற்று சால்வரும் நகராது. நேரடி சால்வர் இரு பரிமாணத்தில் அருமையாகப் போகும், முப்பரிமாணத்தில் நினைவகத்தை விழுங்கிவிடும். இரு பரிமாண, லேமினார் (கொந்தளிப்பில்லாத), மெல்லிய தகட்டு ஆய்வா? தயங்காமல் இதை எடுங்கள். கொந்தளிப்புள்ள முப்பரிமாணக் குழாயா? வேண்டாம்.

எதை எடுத்தாலும் உங்கள் சொந்தப் பிரச்சினைக்குப் போகும் முன் டுரெக், ஹ்ரோன் இருவரும் 2006இல் வகுத்த சோதனையை ஓட்டிப் பாருங்கள். 0.41 மீட்டர் உயர வாய்க்காலில் ஒரு வட்ட உருளை, அதன் பின்னால் 0.35 மீட்டர் நீள நெகிழும் கொடி. முதல் நிலையில் ஓட்டம் நேரத்தோடு மாறாது, கொடியின் முனை 0.82 மிமீ விலகி நிற்கும். மூன்றாம் நிலையில் கொடிக்கும் பாய்மத்துக்கும் ஒரே அடர்த்தி, முனை 34 மிமீ வீச்சில் நொடிக்கு 5.3 முறை ஆடும். முதல் நிலை சரியாக வந்தாலே கப்ளிங் சரி என்று நினைத்துவிடாதீர்கள். நிறை விகிதத்தின் முழு வலியும் மூன்றாவதில்தான் தெரியும்.

நெருக்கமான குழாய்க்கட்டுகளில் இன்னொரு வகை இருவழி உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஒனோஃப்ரேயில் புதிதாக மாற்றிய நீராவி உற்பத்திக் கலங்களில் குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தன, 2012 ஜனவரி 31 அன்று ஒன்று கசிந்தது, 2013 ஜூனில் நிலையத்தையே நிரந்தரமாக மூடினார்கள். குழாய் அசைந்தால் ஓட்டம் மாறும், மாறிய ஓட்டம் குழாயை மேலும் தள்ளும். அங்கேயும் பெரும் பிழை புகுந்தது கப்ளிங்குக்கு முன்பே: வடிவமைப்பில் பயன்பட்ட வெப்ப-ஓட்டக் கணக்கு, நீராவியின் வேகத்தை மிகக் குறைவாகக் காட்டியிருந்தது. தவறான வேகத்தை எந்தக் கப்ளிங்கில் ஊற்றினாலும் விடை தவறாகத்தான் வரும்.

இப்போது மென்பொருள்

நம் குழாய்க்குத் தேவையான பட்டியல் இப்போது தெளிவு: கலப்பு முறையில் நீண்ட நேரக் கொந்தளிப்பு ஓட்டம், அதோடு சுவருக்கு இருவழி வெப்பம், தகைவுக்கு ஒருவழி, தெர்மோவெல்லுக்கு மோடல் கணக்கு மட்டும்.

இந்தப் பட்டியலுக்கு ஓப்பன்ஃபோம் நன்றாகப் பொருந்தும். அது ஃபைனைட் வால்யூம் (சிறு கன அளவுகளுக்குள் புகுவதையும் வெளியேறுவதையும் கணக்கிடும் முறை), ஃபைனைட் எலிமென்ட் இல்லை; ஆனால் கொந்தளிப்பு ஓட்டத்துக்கு அதுவே வசதி. நீரையும் சுவரையும் சேர்த்துத் தீர்க்கும் சால்வர் அதற்குள்ளேயே உண்டு. தகைவுக்கும் மோடலுக்கும் கால்குலிக்ஸ், அல்லது பிரான்சின் மின் நிறுவனமான ஈ.டி.எஃப். வெளியிடும் கோட்-அஸ்தர். வெப்பத் தகைவிலும் களைப்பு ஆயுளிலும் அஸ்தரின் ஆழம் பெரியது, ஆவணங்கள் மூலத்தில் பிரெஞ்சு என்பதுதான் தடை. கால்குலிக்ஸின் உள்ளீட்டு வடிவம் அபாகஸ் என்ற வணிக மென்பொருளை ஒத்தது, அபாகஸ் தெரிந்தவர் ஒரே வாரத்தில் பழகிவிடலாம். மூன்றும் இலவசம். நாளைக்கு இருவழி தேவைப்பட்டால் மியூனிக், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த பிரிசைஸ் நூலகம் இவற்றை இணைக்கும், குவாசி-நியூட்டனும் அதில் தயாராக இருக்கிறது. லினக்ஸும் கட்டளைக் கோப்புகளும் பழக ஓரிரண்டு மாதம் ஒதுக்க வேண்டும். அந்த மாதங்களைத் தர நிர்வாகம் மறுத்தால், ஓட்டத்துக்கான ஃபுளூயன்ட்டையும் திண்மத்துக்கான மெக்கானிக்கலையும் ஒரே கூரையில் தரும் ஆன்சிஸ்தான் நேர்வழி. உரிமக் கட்டணத்தில் அந்த மாதங்களை வாங்குகிறீர்கள், அது பல நிறுவனங்களுக்கு நியாயமான பேரம்.

காம்சால் இந்தக் குழாய்க்கு என் தேர்வு இல்லை. ஆனால் மின்னணுச் சாதனத்தின் குளிர்விப்பு, மைக்ரோ வால்வு, மெல்லிய சவ்வு போன்ற லேமினார் வேலைகளில் அதற்கு இணை குறைவு. இயற்பியல்களை ஒன்றாய்த் தீர்க்கிறதா, தனித்தனியாகவா என்று நீங்களே பார்த்து மாற்ற முடிவது பெரிய பலம். பின்லாந்தின் எல்மர், வெப்பக் கடத்தலுக்கும் பாடம் படிப்பதற்கும் நல்ல இலவசக் கருவி. முனைவர் பட்ட மாணவராக இருந்து, புதிய முறையே உங்கள் ஆய்வு என்றால், சமன்பாட்டின் வலுக்குறைந்த வடிவத்தை (தொகையீடாக எழுதிய வடிவம்) நேரடியாக எழுதவிடும் ஃபெனிக்ஸை எடுங்கள். ஓட்டத்துக்கு நிலைப்படுத்தலையும் மெஷ் நகர்வையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும், அதில்தான் கல்வியும் இருக்கிறது.

கடைசியாக ஒரு பெருக்கல், எங்கள் கூட்டங்களில் "எல்லாவற்றையும் இருவழி போடலாமே" என்ற பேச்சு வரும்போதெல்லாம் பலகையில் எழுதுவது. சுவரைக் களைப்படைய வைக்கும் ஏற்றயிறக்கத்தின் மெதுவான பகுதி 10 நொடிக்கு ஒருமுறை வரும். அதில் பத்துச் சுற்றாவது பார்க்க 100 நொடி ஓட்டம் தேவை. ஓட்டத்துக்கு மட்டும் ஆயிரத்தில் ஒரு நொடிப் படி: ஒரு லட்சம் படிகள். தெர்மோவெல்லின் 260 ஹெர்ட்ஸையும் அதே கணக்கில் பிடிக்க வேண்டுமென்றால், ஒரு சுற்றுக்கு 20 படி வீதம் 5 லட்சத்து 20 ஆயிரம். ஒவ்வொரு படியிலும் ஆறு சுற்று உடன்பாடு: 31 லட்சம் முறை முழு ஓட்டத்தைத் தீர்க்க வேண்டும். பிரித்துச் செய்தால் ஒரு லட்சம், ஒரு மோடல் கணக்கு, ஒரு பக்கக் கைக்கணக்கு.

அந்த ஒரு லட்சம் படிகள் ஓடி முடிந்ததும் இன்னொரு கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கும். 230 மிமீக்குக் குறைத்த தெர்மோவெல்லின் முனை குழாயின் மையத்துக்கு 70 மிமீ முன்பே நின்றுவிடுகிறது. அந்த இடத்தின் வெப்பநிலை கலந்த நீரின் சராசரியைக் காட்டுகிறதா, அல்லது தெர்மோவெல்லையே இன்னும் கீழே, நன்றாகக் கலந்த இடத்துக்கு நகர்த்த வேண்டுமா என்று அதே கோப்பில் பார்த்துக்கொள்ளலாம்.